ஒரு மாத்திரைக்காக உத்திரமேரூரிலிருந்து சென்னைக்கு

இந்தத் தை அறுவடைக்கு என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டப் போகவில்லை. ராத்திரி கண் முழிக்க ஐஸ் என்கிற போதைப்பொருள், வேலை முடிந்து உடம்பை அடக்க வலி மாத்திரை என்று இரண்டிலும் மாட்டிக்கொண்டவர் அவர். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில், ஊக்கம் தரும் மருந்தையே அளவாகக் கொடுத்தால் இரண்டு பழக்கமும் அடங்குமா என்று ஆய்வு செய்கிறார்கள். போதைக்குப் போதையா என்று முதலில் நானும் சண்டைதான் போட்டேன். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சொல்ல மாட்டார்கள். சிஸ்டர் கண்முன் விழுங்க வேண்டும் என்பதால் தினமும் பயணம்.

உத்திரமேரூரில் காலை ஐந்தே காலுக்குச் செங்கல்பட்டு பஸ். சுமார் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். ஜன்னலோரம் உட்காராதீர்கள், பனிக்காற்று மூஞ்சியில் அடிக்கும். பிறகு மின்சார ரயில், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஒன்பதரைக்குள் போகாவிட்டால் அன்றைய மாத்திரை கிடையாது.

தெருவில் இவருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தோம். போன செவ்வாய் எங்கள் தெரு மஞ்சுளா அக்காவும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டார். "உப்பு கொறச்சிக்கினியா நைனா?" என்று வழி முழுக்கப் பத்தியம் சொன்னார். இவரும் தலையாட்டிக்கொண்டே வந்தார், பாவம்.

செங்கல்பட்டில் இறங்கினால், இவருக்கு ஐஸ் விற்கிறவன் டீக்கடை வாசலில் நிற்கிறான். இவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க குடுக்கறது வெறும் மாத்திரைன்னா? நான் ஏன் இம்மா தூரம் வரணும்?"

எனக்கு வந்ததே கோபம். "யோவ், வெறும் மாத்திரையோ இன்னாவோ, எய்ந்திரு. ஐஸ் விக்கிறவன் கையில உன்ன வுட்டுட்டுப் போவமாட்டேன்."

கத்திய பிறகுதான் பக்கத்தில் அக்கா நிற்பது உறைத்தது. மானம் போயிற்று. இனி மறைத்து என்ன என்று நான் ஆஸ்பத்திரி மருந்தைப் பற்றிச் சொல்ல, அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு, "எம்புள்ளயும் இந்தக் கண்றாவியத்தான் போட்டுக்கினு கீறான்" என்றார். "நீ போ நைனா. அந்த மருந்து கேக்குதுன்னு தெரிஞ்சா அவனையும் இஸ்துக்கினு வருவேன்."

இவர் எழுந்தார். ரயில் ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த சிஸ்டர் மாத்திரையை எடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "ஞாயித்துக்கெயம ஒண்ணும் போடலன்னு சொன்னேன்ல சிஸ்டர், பொய்யி. வலி மாத்திரை போட்டேன். எய்திக்கோங்க."

துரத்திவிடுவார்களோ என்று நான் சிஸ்டர் மூஞ்சியையே பார்த்தேன். "போட்டா போட்டேன்னு சொல்லுங்க, அதுக்குத்தான் தெனம் கேக்கறோம்" என்று சிஸ்டர் எழுதிக்கொண்டு மாத்திரையைக் கொடுத்தார்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மருந்தை வெளியே வாங்கி நீங்களாகப் பார்க்காதீர்கள். இருதயத்தைச் சோதிக்காமல் ஆஸ்பத்திரியிலேயே தருவதில்லை. காலை நாஷ்டா கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு ஆளைத் தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

திரும்பும் ரயிலில், இன்றைக்கு ஏன் உண்மையைச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் போட்டுட்டுப் போடலன்னு சொன்னா, மருந்து கேக்குதுன்னு எய்திடுவாங்க. அத நம்பி அக்கா புள்ளைக்கும் குடுப்பாங்க" என்றார்.