யாளிக்கு மூச்சு வாங்கும்

சிதம்பரம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இன்ஹேலரை உறிஞ்சினாள். அந்தச் சத்தம் என்னைக் கடலூர் வீட்டுக்கு, அக்காவிடம் கொண்டுபோய்விட்டது.

அக்காவுக்கு வீசிங். பள்ளிக்கூடம் போக முடியாத நாட்களில் தலையணையில் சாய்ந்துகொண்டு, பேசும் யாளி வருகிற அந்த நாவலை எனக்கு வாசிப்பாள். யாளி பேசும் இடங்களில் குரலைத் தாழ்த்துவாள். பாதி வரியில் நின்று, நெஞ்சுக்குள் விசில் அடிக்க மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்வாள். யாளி பேசுவதே அப்படித்தான் என்று நம்பியிருந்தேன்.

சுனாமிக்கு மறுவருஷ மழைக்காலத்தில் அக்கா இறந்துபோனாள். அடுத்த பொங்கலுக்கு அந்த நாவல் படமாக வந்தது. மாமாதான் சிதம்பரத்துக்கு அழைத்துப்போனார். திரையில் யாளி வாயைத் திறந்து, எங்குமே நிற்காமல் கணீரென்று பேசியது. தியேட்டரே கைதட்டியது. நான் தேம்பினேன்.

"ஏன்டா அழுவுற? நல்லாத்தான பேசுது?"

"அது யாளியே இல்ல மாமா. யாளிக்கு மூச்சு வாங்கும்."

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரும் திரையைப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் அந்தப் படத்தை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெண் இன்ஹேலரைப் பையில் போட்டுவிட்டு, மடியிலிருந்த மகனிடம் நின்று நின்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாளி பேசியது.