தேத்தண்ணிக்கு மறித்த புறோகிராம்

வவுனியாவில் மீராசாகிபுவின் பலசரக்குக் கடையைத் தெரியாதவர் இல்லை. கடையின் பின்னறையில் இருந்த கணினிக்குள் ஊர் வம்பு பாதி கிடந்தது என்பது மட்டும் சிலருக்கே தெரியும். அந்த வம்புக்கெல்லாம் சொந்தக்காரி அவருடைய மனைவி சபூறா.

கடைக் கணக்குக்கென்று வாங்கிய கணினி அது. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த அடுத்த வருடம், 2003இல், கொழும்பிலிருந்து வந்த அவளுடைய தம்பி கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கிற ஒரு பழைய மோடத்தையும் ஒரு அறிவித்தல் பலகைப் புறோகிராமையும் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்குத் தொடங்கியது கூத்து. கணினி வைத்திருந்த நாலைந்து பேர் தங்கள் வீட்டிலிருந்து கடைத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுப்பார்கள். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தும். பிறகு அவர்களுடைய திரையில் சபூறாவின் பலகை விரியும். நெல் விலை, மழை, கோழிக்கு வந்த சீக்கு, ஆருடைய மாடு ஆருடைய தோட்டத்துக்குள் போனது, எல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக ஏறும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம்.

ஊரெல்லாம் அவளை மீராசாகிபு பெண்சாதி என்றே சொல்லும். இதற்கு மட்டுந்தான் சபூறாவின் பலகை என்று பேர். அந்தப் பேர் அவளுக்குச் சர்க்கரையாக இனித்தது.

ஆனால் தொலைபேசி கடையினுடையது. பின்னேர அசர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுதுபட்டுத் தொழுகிற மஹ்ரிப் வரை லைன் அவளுக்கு, அதற்குப் பிறகு தனக்கு என்று மீராசாகிபு பிரித்துக் கொடுத்திருந்தார். வந்தவர்களோ எழும்புகிற சாதியாக இல்லை. மஹ்ரிப் முடிந்தும் லைன் பிடிபட்டிருப்பதை இரண்டு தரம் கண்ட மீராசாகிபு, மூன்றாம் தரம் கண்டால் மோடத்தைப் பிடுங்கிக் கொழும்புக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுசன். சபூறாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் எழும்ப மாட்டார்கள்? மருந்துக்கடைச் சுகந்தினி கடைசியில் வாயைத் திறந்தாள். வெளியேறும் பொத்தானை அழுத்தினால் பலகை படாரென்று லைனை வெட்டுகிறதாம். இரு என்றும் இல்லை, போட்டு வா என்றும் இல்லை. நாய்க்கும் அப்படிச் செய்ய மாட்டார்களாம். அதனால்தான் ஆராவது ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று பேசாமல் காத்திருக்கிறார்களாம்.

நியாயந்தானே! இங்கே எந்த வீட்டில் விருந்தாளி எழும்பியவுடன் கதவைச் சாத்துகிறார்கள்? சபூறா வெட்கத்தில் குறுகிப்போய், பலகையோடு ஒட்டுகிற சின்னப் புறோகிராம் ஒன்றை எழுத உட்கார்ந்தாள். கறி அடிப்பிடித்தது, கணக்குப் பிழைத்தது, அவள் அசையவில்லை. ஆள் போகப் புறப்பட்டால் அது, ‘அதுக்குள்ளயோ? இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்’ என்று மறிக்கும். வேண்டாம் என்று சொன்னால், ‘சரி, போட்டு வாங்கோ’ என்று வழியனுப்பி லைனை விடும். எல்லாருக்கும் பெரிய புளுகம், அப்படி ஒரு சந்தோசம். சுகந்தினி தேத்தண்ணிக்கு மறிபடுவதற்கென்றே இரண்டு தரம் வந்துபோனாள்.

ஆனால் எங்கள் ஆட்களில் எத்தனை பேர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லுவார்கள்? அச்சகக்காரர் தவராசா சொல்லவே மாட்டார். அடுத்தமுறை கட்டாயம் என்பார். புறோகிராம் திரும்பவும் மறிக்கும். அவர் திரும்பவும் அடுத்தமுறை என்பார். விரல் நொந்துபோக, அவரும் தன் கணினிக்கு ஒரு வேலை சொல்லி வைத்தார்: தேத்தண்ணி என்ற சொல் வந்தால், அடுத்தமுறை கட்டாயம் என்று நீயே பதில் அனுப்பு. ஒரு நாள் பின்னேரம் அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் வெளியே போய்விட்டார்.

இது இரு என்றது, அது அடுத்தமுறை என்றது. மஹ்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் ஓயவில்லை. அன்றைக்கென்று பார்த்துப் புத்தளத்திலிருந்து மீராசாகிபுவின் மூத்த சகோதரி, அவருடைய ராத்தா, தொலைபேசி எடுப்பதாகச் சொல்லியிருந்தார். லைனை வெட்டச் சபூறாவுக்கும் மனம் கேட்கவில்லை. மீராசாகிபு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து வருவதற்குள் தவராசா வீட்டில் சொல்லி நிற்பாட்டலாம் என்று ஓட்டமும் நடையுமாகப் போனாள். அங்கே தவராசாவின் மனைவி தங்கம்மா, “முதல் இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்” என்று கதிரையை இழுத்துப் போட்டார்.

சபூறா அடுத்தமுறை கட்டாயம் என்றாள். தங்கம்மா விடவில்லை. அடுத்தமுறை என்றாள் மறுபடியும். வேண்டாம் என்ற ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வரவில்லை. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் தங்கம்மா எழும்பிப் போய்த் தவராசாவின் கணினியை நிற்பாட்டினார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சபூறாவுக்கு அழுகை முட்டியது. மோடம் இந்நேரம் சாக்குக்குள் போயிருக்கும். சபூறாவின் பலகையும் அதோடு சரி.

பின்னறையில் மீராசாகிபு கணினிக்கு முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். மோடம் வைத்த இடத்திலேயே இருந்தது. முன்னறையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. ராத்தாவாகத்தான் இருக்கும். அவர் எழும்பவில்லை.

“வயரைப் புடுங்கத்தான் வந்தனான்,” என்றார். “பாத்தால் ஒரு மனிசன் தேத்தண்ணிக்கு அடுத்தமுறை கட்டாயம் எண்டு மரியாதையா நிக்கிறார். வாசல்ல ஆள் நிக்கேக்க எப்பிடிப் புடுங்குறது? தேத்தண்ணி விருப்பமில்லையாக்கும் எண்டு, சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டு நானே ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிச்சன். ஒரு பதிலும் இல்லாமல் எழும்பிப் போயிட்டார்.”

சபூறா வந்த சிரிப்பை முக்காட்டுக்குள் ஒளித்தாள்.

“நாளைக்கு அந்த மனிசன் வந்தால் சாப்பாட்டுக்கும் சேத்து மறிக்கிற மாதிரி எழுதி வை,” என்றார் மீராசாகிபு. “மஹ்ரிப் தாண்டினாலும் பரவாயில்லை.”