வாய்ப்பாடு நேரத்தில் துடைப்பம்

நாங்கள் கரியாலூர் பக்கம். நான்காவது படிக்கும் என் மகள் கௌரிக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவில்லை. மூன்றாவது படிக்கும் அவள் தம்பியோ மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். அவளுக்குப் படிப்பு ஏறாது என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் அதட்டியபோது சொன்னாள்: "காலைல பசங்க வாய்ப்பாடு சொல்லும்போது நாங்க வெளிய பெருக்கினு இருப்போம்மா. பொம்பளப் புள்ளைங்க எல்லாரும்."

பள்ளி வாசலில் பலாமரங்கள், குப்பைக்குப் பஞ்சமில்லை. மறுநாளே போய்ச் சண்டை போட்டேன். "பசங்க பெருக்கினா சுத்தமாவே இருக்காதுங்க" என்றார் வாத்தியார். ஆனாலும் அவர்கள் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அந்தப் பையன்களின் அம்மாக்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "ஆம்பளப் புள்ள கைல தொடப்பமா? உன் பொண்ணு படிச்சி இன்னா கிழிக்கப் போறா?" ஆண்கள் யாரும் வரத் தேவையே இருக்கவில்லை.

துடைப்பம் பெண்பிள்ளைகளிடமே திரும்பியது. "ஏம்மா போய்க் கேட்ட? என்கூட யாரும் பேச மாட்றாங்க" என்று கௌரி அழுதாள்.

இப்போது தினமும் மணி அடிக்கும் முன்பே நானே போய்ப் பள்ளியைப் பெருக்கிவிடுகிறேன். பெண்பிள்ளைகளும் வாய்ப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். இதற்கு மட்டும் யாரும் சண்டைக்கு வரவில்லை.

நேற்று நான் பள்ளி வாசலைப் பெருக்கும்போது என் மகன் தன் காலடியைக் காட்டி, "அம்மா, இங்க விட்டுட்ட பாரு" என்றான்.