ஆமி மடிப்பு

கரும்பச்சைக் கட்டத்தில் மஞ்சள் கோடு ஓடிய அந்தக் கில்ட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2009இல் கோலியர்ஸ் வுட்டில் ஒரு தையல் கடையில் வேலை செய்தேன். ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் கடை. அவரை அண்ணை என்போம். ஒரு நாள் ஸ்கொட்லாந்து மூதாட்டி ஒருவர், அவர்கள் ஊர் ஆண்கள் இடுப்பில் உடுக்கும் மடிப்புப் பாவாடையான அந்தக் கில்ட்டைக் கொண்டுவந்தார். இறந்துபோன அவருடைய கணவர் பழைய ஆமிக்காரர். தன் படைப்பிரிவின் கில்ட்டோடுதான் சவப்பெட்டியில் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாராம். இடுப்புத் தையல் விட்டுப்போயிருந்தது, அதைச் சரிசெய்தால் போதும்.

கில்ட் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். சாதாரண சனம் உடுப்பது பெரும்பாலும் குடும்பத்துக்குரிய கட்டம். ஆமியில் படைப்பிரிவுக்குரிய கட்டம், துணியும் கனம். பின்பக்க மடிப்பும் வேறு. சனத்தின் கில்ட்டில் மடித்த இடமே தெரியாமல் கட்டங்கள் தொடர்ந்து ஓடும். ஆமிக் கில்ட்டில் மடிப்புக்கு மடிப்பு ஒரே கோடு நெட்டுக்கு நிற்கும். கலியாண உடுப்பு வாடகைக்கு விடும் கடைகளுக்குக் கில்ட் திருத்திக் கொடுத்த அண்ணைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அப்படிப்பட்டவர், மடிப்பு முழுவதையும் பிரித்துக் கட்டம் ஓடும்படி தைத்து வைத்திருந்தார். கைதவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அண்ணை, இது ஆமிக் கில்ட் எல்லோ?"

"ஓம். தெரிஞ்சுதான் தைச்சனான். ஆமிக்காரனாப் போக வேண்டாம், மனுசனாப் போகட்டும்."

அந்த மே மாதம் வன்னியில் இலங்கை ஆமி அடித்த ஷெல்லில் அவருடைய தம்பி செத்துப்போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தத் துக்கம் எனக்குப் புரியாததல்ல, நானும் அங்கேயிருந்து வந்தவள்தான். ஆனால் ஷெல் அடித்தது இந்த மனிசனா? புருஷனைப் பறிகொடுத்து நின்ற அந்த அம்மா இவருக்கு என்ன செய்தார்? "பிரிச்சுத் தாங்கோ, நான் தைக்கிறன்" என்று கத்தினேன். "இனி ஏலாது" என்றார். அதுவும் உண்மைதான். பிரேதத்துக்கு உடுப்புப் போடுகிறவர்கள் அன்று மத்தியானத்துக்குள் கேட்டிருந்தார்கள்.

அந்த அம்மா வந்ததும் கில்ட்டின் பின்பக்கத்தைத்தான் திருப்பினார். மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். "இத்தனை வருடமும் இதை நான்தான் அயர்ன் பண்ணினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோனார். அண்ணை அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தார். அந்தக் கிழமையே நான் வேலையை விட்டேன்.

சென்ற வருடம் அண்ணை காலமானார். பட்டு வேண்டாம், தம்பி ஊரிலிருந்து கடைசியாக அனுப்பிய பருத்தி வேட்டியைத்தான் கட்டிவிட வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தாராம். அழத்தான் போனேன், ஆத்திரத்தோடு திரும்பினேன். அவர் கேட்ட அந்த வேட்டியோடுதான் பெட்டியில் கிடந்தார். அதில் யாரும் ஒரு மடிப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை.