தேக்கு மடத்தில் ஒடிந்த கை

பர்மாவில், எங்கள் ஞாங்-ஊ ஊர் கார் ஸ்டாண்டில் பா சேனைப் போல வாயடக்கமான டிரைவர் கிடையாது. இருபது வருஷமாக ஒரே ஓட்டம்: காலையில் போப்பா மலை, மத்தியானம் சலே ஊரில் தேக்கால் கட்டிய புத்த மடம், பொழுது சாய வீடு. அவரா பிக்கு முன்னால் கை ஓங்கினார் என்று இன்னும் கேட்கிறார்கள்.

அன்று சவாரி வந்தவர் ரங்கூன் காண்டிராக்டர் சிட் நாயிங். மனைவியும் கூட. போப்பாவின் நாட் தெய்வங்களுக்குப் பன்றிக்கறி ஆகாது, மலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பா சேன் பணிவாகச் சொன்னார். "தெய்வத்துக்குப் பிடிக்காட்டி அது சாப்பிட வேணாம். எனக்குப் பிடிக்கும்" என்று சிட் நாயிங் கறிப் பொட்டலத்தைச் சீட்டுக்கடியில் தள்ளினார். மலையில், படி பெருக்கும் பெண்ணின் துடைப்பத்தைக் காலால் எத்திவிட்டு ஏறினார். பா சேன் பல்லைக் கடித்துக்கொண்டார்.

சலே மடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, பனங்காட்டோரம் வண்டி நின்றது. மனைவி பையிலிருந்து கைக்குட்டையை இழுக்க, கூடவே ஒரு மரக்கை விழுந்தது. விரல் நீளம்தான். மடத்துச் சுவரில் செதுக்கியிருக்கும், ஆடும் பெண் சிற்பத்தின் கை. முறிந்த இடம் புதிதாக வெளுத்திருந்தது.

"கீழ கிடந்துச்சு" என்றார் சிட் நாயிங்.

"பொய். இவர்தான் ஒடிச்சாரு" என்றாள் மனைவி.

பா சேன் வண்டியைத் திருப்பினார். முதலாளிக்குப் போன் போட்டு வேலையைத் தொலைத்துவிடுவதாகப் பின்சீட்டிலிருந்து ஒரே கத்தல்.

"தாராளமா போடுங்க ஐயா. பிக்கு முன்னாடி உக்காந்து போடுங்க."

மடத்தில் சிட் நாயிங் உட்காரவில்லை. மரக்கையைத் தரையில் விட்டெறிந்து, "ஒரு மரத்துண்டுக்கா இத்தனை ரகளை? இதே மாதிரி பத்து செஞ்சு அனுப்புறேன்" என்றார். பா சேனின் கை அப்போதுதான் ஓங்கியது. பிக்கு எழுந்து வந்து நடுவில் நின்றதால் இறங்கியது. மனைவிதான் மண்டியிட்டு, மரக்கையை எடுத்துப் பிக்குவின் முன் வைத்தாள். ஊர் திரும்பும்வரை அவள் முன்சீட்டில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவந்தாள்.

மறுநாளே வேலை போயிற்று. முதலாளி ஒரு கேள்வி கேட்கவில்லை. மடத்துத் தச்சர் கையை ஒட்டிவிட்டார்; ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

பா சேன் இப்போது கடலைமூட்டை லாரி ஓட்டுகிறார். போனவாரம் பார்த்தபோது, கோபம் தணிந்ததா என்று கேட்டேன்.

"எப்படிறா தணியும்? அந்தாளு இன்னும் மன்னிப்பே கேக்கலையே."