சிக்கரி வேணும் என்றது வாய்

முதல் அறிகுறி ஒரு காபி டம்ளர். மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில், காலை ஏழு மணிக்கு, அது என் வலக்கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். விரல்கள் மடங்கவில்லை.

பக்கவாதம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். அரசு அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓர் இணைப்பு குறைந்தாலும் திருப்பி அனுப்பியவன். ஆகவே இடக்கையால் ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கினேன். கோயிலுக்குப் போயிருந்த மனைவி ஜெயா மதியம் திரும்பியபோது கோப்பு தயாராக இருந்தது. நான் தரையில் கிடந்தேன்.

டாக்டர் கோப்பைப் பாராட்டினார். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்.

வலப்பக்கம் செயலிழந்தது. கூடவே அஃபேசியா (மூளை பாதிப்பால் சொற்கள் தடுமாறுவது). பேசுவது புரியும், பதில் மட்டும் தவறாக வரும். பேச்சுப் பயிற்சியாளர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். யானையைச் சரியாகச் சொன்னேன். வீட்டில் யானை தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது ஒரே சொல்: வேணும். அது வேணாம் என்று வந்தது; வேணாம் என்பது வேணும் என்று வந்தது. என் தவறு என் காதில் விழும். திருத்தப் போனால் மறுபடி அதே சொல், இன்னும் உரக்க. உறுதியாக மறுக்கிறேன் என்று நினைத்து ஜெயா தட்டை எடுத்துக்கொண்டு போவாள்.

நான்காம் மாதம், ஊன்றுகோலுடன், அவளோடு மார்க்கெட் பக்கம் நடந்தேன். வழக்கமான காபித்தூள் கடை. ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டு இடக்கையைக் கல்லாவில் ஊன்றினேன். அரைத்துக் கொடுக்கும் மஞ்சுளாவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். சிக்கரி கலப்பவர்களைத் திட்டி நான் ஆற்றிய உரைகளும் தெரியும். ஜெயா அரைக் கிலோ கேட்டாள். மஞ்சுளா அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள், சிக்கரி உண்டா என்று.

“வேணும்” என்றேன்.

நோய் வந்து ருசி மாறிவிட்டது போல, போட்டுவிடு என்றாள் ஜெயா. பின்னால் நின்றவர் கன்னடத்தில் அவசரப்படுத்தினார். மஞ்சுளா கரண்டியைச் சிக்கரி டப்பாவுக்கு மேலேயே நிறுத்தினாள்.

“சொல்ப இருங்கக்கா, கொஞ்சம் பொறுங்க. வாய் வேணுங்குது. கையப் பாருங்க, இறுக்கி மூடி வெச்சிருக்காரு.”

பிறகு என்னிடம்: “சார், உங்க வாய நான் நம்பல. எத்தன வாட்டி திட்டியிருக்கீங்க என்னை. வேணும்னா கைய விரிங்க, வேணாம்னா மூடுங்க. சிக்கரி?”

இடக்கை மூடியே இருந்தது.

“காபித்தூள்?”

விரிந்தது. கல்லாவின் மேல், எல்லோரும் பார்க்க, விரிந்து கிடந்தது. மஞ்சுளா அவசரக்காரரிடம் திரும்பி, அரைத்து முடிய நேரமாகும், வேறு கடை இருக்கிறது என்றாள்.

திரும்பும் வழியில் ஜெயா சம்பிகே சாலை நடைபாதையில் நின்றாள்.

“போன மாசம் ஒக்கலிபுரத்துல உங்க அண்ணன் முடியாமக் கெடந்தாரே. பாக்கப் போலாமான்னு கேட்டேன். வேணாம் வேணாம்னு கத்துனீங்க.”

அண்ணனோடு நான் பேசாமல் இருந்த வருடங்கள் உண்டு. அதனால் எல்லோரும் நம்பினார்கள். ஆட்டோவில் கால் மணி நேர தூரம். அவர் ஐந்தாம் நாள் இறந்தார்.

ஜெயா என் கையைப் பார்த்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரித்துக் காட்டினேன்.

பேச்சு இதற்கு மேல் பெரிதாகத் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், வாயை மட்டும் பார்க்காதீர்கள். நாங்கள் நான்கு மாதம் அதைத்தான் பார்த்தோம். இப்போது ஜெயா எதையும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். கேள்விக்கும் கைக்கும் நடுவே உள்ள அந்தச் சில நொடிகள்தான் என் நாளில் மிக நீளமானவை.

தூக்கத்தில் என் இடக்கை, அன்று நடைபாதையில் காட்டியது போல, விரிந்தே கிடக்கிறதாம். என்ன வேண்டும் என்று அவள் கேட்பதில்லை.