கங்காணி நின்ற இடம்

சூசைரட்ணம் கங்காணியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருபது வருடம் கவ்வாத்துக்காரர்களை மேய்த்தவர். ஞாயிறு காலை பூசையில் முதல் வரிசை. பத்து மணிக்குக் கிரிக்கெட் டீமின் கேப்டன். கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடியை வெட்டுகிற கையை ஒரு தடவை பார்த்தால் மறக்க மாட்டார். பாழாய்ப்போன அந்தக் கண்தான் எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது.

அவருக்கு பேட்டும் பிடிக்கத் தெரியாது, பந்தும் போடத் தெரியாது. ஆனால் கால் ஊன்றி நின்றுவிட்ட ஆட்டக்காரனைக் கழற்றுவதில் மனுஷன் எமன். "நின்னுட்டவன நல்ல பந்து போட்டுத் தூக்க முடியாதுடா. அவன் கை எதுக்குப் பழகியிருக்கோ அதயே குடுத்துக்கிட்டு இரு. அவனே வருவான்" என்பார்.

1957 மாசியில் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு மேட்ச். அவர்கள் டீமில் ஆடியவர் என் பூரணி அக்காவின் புருஷன் சோலைமலை. அவரும் முன்பு எங்கள் தோட்டத்தில், சூசைரட்ணத்தின் கீழ் நாலு வருடம் கவ்வாத்து வெட்டியவர்தான். ஒருநாள் கங்காணி அவருடைய செத்துப்போன அப்பாவை இழுத்துப் பேச, எல்லார் முன்னாலும் கத்தியைக் கங்காணியின் காலடியில் எறிந்துவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கங்காணி அதை மறக்கவேயில்லை.

அங்கேயும் கவ்வாத்துதான். சாயங்காலமானால் மச்சானுக்கு வலது மணிக்கட்டு வீங்கிவிடும். அக்கா தவிட்டு ஒத்தடம் கொடுப்பாள். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த அவர்களுடைய துரை வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மேட்சில் ஐம்பது அடித்தால் சோலைமலைக்கு ஸ்டோரில், தேயிலை அரைக்கிற இடத்தில் வேலை. கத்தியை மறுபடி தொடவே வேண்டாம். அது எங்கள் கங்காணிக்கும் தெரியும்.

மச்சான் முப்பதைத் தாண்டியதும் கங்காணி பந்தை என்னிடம் நீட்டினார்.

"வேணாங்க. மச்சானுக்கு நான் போடலீங்க."

"அதுக்குத்தாண்டா செல்லசாமி ஒங்கிட்ட குடுக்குறேன். அவன் வலது கைப் பக்கம் அகலமா, மொழங்கால் ஒசரத்துல, மெதுவாப் போடு."

முழங்கால் உயரம் என்றால் கவ்வாத்து வெட்டுகிற உயரம். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்படிப் போட்டால் அடி போகிற பாயிண்ட் பக்கத்தில் கங்காணி ஒருவரையும் நிறுத்தவில்லை. முதல் ஓவரிலேயே மச்சான் அந்த வழியாக இரண்டு ஃபோர் அடித்தார். "என்ன மாப்ள, தீவாளிச் சீரா?" என்று கேட்டுச் சிரித்தார். எங்கள் ஆட்களும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கங்காணி பக்கத்தில் வந்து, "ஒங்கக்கா கைதட்டுறா பாரு" என்றார். என் ரோஷத்தையும் அந்த ஆள் அளந்து வைத்திருந்தார்.

நாற்பத்தேழு. மச்சானின் மணிக்கட்டு தளர்ந்துவிட்டது. நான் ஓடி வரத் திரும்பிய நேரத்தில் கங்காணி சத்தமில்லாமல் பாயிண்டுக்கு வந்து நின்றார். மச்சான் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பந்தை எங்காவது காலடியில் குத்தியிருக்கலாம். தலைக்கு மேலே வீசியிருக்கலாம். சொன்ன இடத்திலேயே போட்டேன்.

மச்சானின் இடது கை பேட்டை விட்டுவிட்டது. வலது கை மட்டும் கீழேயிருந்து மேலே சரிவாக இழுத்தது. அது கவ்வாத்து வெட்டு. நாலு வருடம் கங்காணி பின்னால் நின்று பார்த்த அதே வெட்டு. பந்து எழும்பி நேரே அவர் கைக்குள் போய் விழுந்தது.

நான் குதித்தேன். "அவுட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மச்சான் திங்கட்கிழமை கத்தியோடு, ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் போய் நின்றார். மூன்றாவது வருடம் அவருடைய விரல்கள் மடங்காமல் போயின. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தியது மேட்ச் அன்றைக்கே.

1964ல் கங்காணி செத்தார். பிறந்த தோட்டமாச்சே என்று அக்காவும் வந்து, குழியில் ஒரு பிடி மண் போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தாளுக்குப் போயி மண்ணு போடுறியேக்கா. ஒங்க பொழப்பக் கெடுத்தவராச்சே."

ஏழு வருடத்துக்குப் பிறகு அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்கு எங்க மேல பக, செஞ்சாரு. ஒனக்கு எங்க மேல என்னடா?"